பேனரில் இல்லாத பெயர்

பேகம்பூர், திண்டுக்கல்
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே நானும் சுகம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த தமிழ் டீச்சர் நான், முறை தெரியாதவள் அல்ல. ஆனால் சுகமில்லை. கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மருமகள் தஹ்சீன்தான் படித்துச் சொல்கிறாள். எதைச் சொல்கிறாள், எதை விழுங்குகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே பெரியமேட்டுத் தோல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். நீங்களே பிரித்து நீங்களே படியுங்கள்.

அக்கா மவுத்தான அன்று உங்களுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்பினேன். மண் போடுவதற்குள் சென்னையிலிருந்து வந்துசேர முடியாது, சரி. ஏழாம் நாள் பாத்திஹாவுக்கும் வரவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் நேற்று டிவியைப் போட்டால் அங்கே நீங்கள்.

வெள்ளை ஜிப்பா, கையில் கைக்குட்டை, அந்த சேனல்காரர்களுடைய சிவப்பு சோபா. பின்னால் அக்காவின் படம், பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் விளக்கு. "நம்ம எல்லாரையும் சிரிக்க வைத்த கமலா அக்கா, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருந்த அண்ணன் இவர்தான்" என்று நிகழ்ச்சி நடத்துகிற பெண் சொல்கிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்னப் புள்ளையிலயே அவளுக்கு நடிப்புன்னா உசுரும்மா. போ, நான் இருக்கேன்னு சொல்லி அனுப்பி வச்சதே நான்தான்" என்கிறீர்கள்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன் அண்ணன்.

கட்டிய மாமா மவுத்தாகி, பிள்ளையும் இல்லாமல், அக்கா ரேடியோ நாடகத்துக்குப் போனபோதே அவளைக் கூத்தாடி என்றது யார்? டிவியில் 'வீட்டுக்கு வீடு கமலா' தொடங்கிய பிறகு உங்கள் கடைக் காலண்டர் எல்லாருக்கும் வந்தது, அவளுக்கு மட்டும் வந்ததில்லை. அவள் வடபழனியில், நீங்கள் பெரியமேட்டில். ஒரு பஸ் தூரம். இத்தனை வருடத்தில் அவள் வாசப்படியை மிதித்திருப்பீர்களா? தமிழ்நாடு முழுக்க முன்பின் தெரியாத வீட்டு அடுப்பங்கரையில் எல்லாம் நுழைந்து, இருப்பதை வைத்து சமைத்து, மாமியார் மாதிரி பேசிக் காட்டி, வீட்டுக்காரர் மாதிரி நடந்து காட்டி, பெண்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவள், உங்கள் வீட்டுக்குள் மட்டும் வரக் கூடாது. டயாலிசிஸ் என்று ஆகி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து படுத்தபோதும் நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

வேறெதுவும் கேட்கவில்லை. டிவியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கை,
குர்ஷித் பேகம்


பெரியமேடு, சென்னை
14.6.2024

அன்புத் தங்கை குர்ஷித்துக்கு அண்ணன் ஹஸ்ஸான் துஆவுடன் எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே. மதினி உன்னை மிகவும் விசாரித்தாள். பெருநாள் நெருங்கிவிட்டது, இந்த வருடம் உனக்குத் துணைக்குக்கூட ஆளில்லை என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய். துக்கத்தில் வருகிற கோபத்துக்கு நான் பதில் எழுதக் கூடாது. நான் வர நினைத்தேன். சர்க்கரை ஏறிப் படுத்துவிட்டேன். டிவிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். பெரிய மனிதர்கள், மரியாதையாகப் பேசினார்கள். வீட்டில் மூத்தவன் என்று கூப்பிட்டபோது போகாமல் இருந்தால் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நாலு பேர் பார்க்கிற இடத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். அதில் என்ன தவறு?

இன்னொரு விஷயம். செப்டம்பரில் திண்டுக்கல்லிலேயே கமலாவுக்குப் பெரிய நினைவுவிழா எடுக்கப்போகிறார்கள். மண்டபம் பார்த்துவிட்டார்களாம். மேடையில் காட்சிக்கு வைக்க அவள் உடுத்திய சேலைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் கேட்கிறார்கள். ஆனந்த்ராஜ் என்று ஒருவர் உன்னைப் பார்க்க வருவார். மறுக்காமல் கொடு.

நம் குடும்பத்துக்கு நல்ல பெயர் வருகிற நேரம். பெருந்தன்மையாக இரு.

உன் நலம் நாடும்,
ஹஸ்ஸான்


பேகம்பூர், திண்டுக்கல்
20.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கறி இன்னும் இருக்கிறது. முட்டிவலி அப்படியேதான். விசாரித்த மதினிக்கு என் ஸலாம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

ஆனந்த்ராஜ் வந்தார். சேலை தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் அக்காவை அடக்கிய அன்று இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலை பத்து மணிக்கெல்லாம் தெரு கொள்ளவில்லை. பெண்கள்தான் அதிகம். வடமதுரையிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். எல்லாருடைய வீட்டிலும் ஒருநாள் சமைத்தவள் அல்லவா? சின்னாளபட்டியிலிருந்து சிவனம்மாள் என்று ஓர் அம்மா, தறி வீட்டுக்காரர். அக்கா நிகழ்ச்சியில் கட்டுகிற சுங்குடி எல்லாம் அந்த வீட்டில் எடுத்ததுதானாம். ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். நம் தெருக்காரர்கள் அந்தப் பெண்களுக்கெல்லாம் பாய் விரித்து, மோர் கொடுத்து, நம் வீட்டு விருந்தாளிகளைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் நீ எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவில்லை.

பிறகு அந்த சேனலின் வண்டி வந்தது. ஒருவன் கேமராவோடு பக்கத்துச் சுவரில் ஏறி நிற்கிறான். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி வைத்திருக்கிறோம். மைக் பிடித்தவன் வாசலில் நின்று, "முகத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்கம்மா, ஜனங்க பார்க்கணும்ல" என்கிறான். நான் போட்ட சத்தத்தில் சுவரில் இருந்தவன் இறங்கிவிட்டான். அதோடு விட்டானா? அவளைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கித் தெருமுனை திரும்பும்போது நம் தெரு மைதீன் பிச்சை அண்ணனை மறித்து, "பாய், இது கமலா அம்மாதானே? இவங்களை ஏன் நீங்க தூக்கிட்டுப் போறீங்க? நீங்கள்லாம் யாரு?" என்று கேட்டிருக்கிறான்.

அவர் தோளிலிருந்து இறக்காமலே, "நாங்க இவுக சொந்தக்காரவுக. நீங்க யாரு, அதைச் சொல்லுங்க" என்றாராம்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது அண்ணன்? அவளுடைய பெயரைப் பிடுங்கிக்கொண்டதிலிருந்து வந்தது. முதல் நாள் ஷூட்டிங் முடிந்து திண்டுக்கல் வந்தபோது அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேரை மாத்திட்டாங்கடி. கமர்ஜஹான்னா ஜனங்க வாயில நுழையாதாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் எதைத்தான் சிரிக்காமல் சொன்னாள்? நடிப்பவளுக்குப் பொட்டு வைத்தது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, வேஷம் என்றால் வேஷம். விளக்கு ஏற்றியவர்களும் அன்பாகத்தான் ஏற்றினார்கள். ஆனால் செத்த பிறகும் வேஷத்தைக் கலைக்க மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

விழாப் பேனரில் கமர்ஜஹான் என்று போடட்டும். பக்கத்தில் கமலா என்றும் போட்டுக்கொள்ளட்டும். சேலை என்ன, பெட்டியோடு தருகிறேன். இதை நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் நீங்கள்தானே.

வஸ்ஸலாம்.
குர்ஷித்


பெரியமேடு, சென்னை
9.7.2024

அன்புத் தங்கைக்கு அண்ணன் துஆவுடன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல். உனக்கு ஒரு தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். இரவு முட்டியில் தேய்த்துத் துணி கட்டிப் படு.

டிவிக்காரர்களோடு பேசினேன். கமலா என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும், புதிதாக ஒரு பெயரைப் போட்டால் குழப்பம் வரும் என்கிறார்கள். அவர்கள் தொழில் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வைத்த பெயர், அவர்கள் வளர்த்த பெயர். நாம் தலையிடுவது அழகல்ல. மறுமையில் யாரை எந்தப் பெயரால் எழுப்ப வேண்டும் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். பேனரைப் பார்த்தா அவன் எழுப்பப்போகிறான்?

வீண் பிடிவாதம் வேண்டாம். அத்தா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹஸ்ஸான்


பேகம்பூர், திண்டுக்கல்
18.7.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது. பிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை காந்திகிராமத்துக்குப் போனேன். அக்காவின் நிகழ்ச்சியை முதன்முதலில் எடுத்த அன்புமணி சார் ரிட்டயராகி அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறார். பெயரை மாற்றிய மனிதனை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் வெராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கமர்ஜஹான் தங்கச்சி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரக்கூட இல்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். "ஜனங்க வாயில நுழையாதுன்னு நீங்களா முடிவு பண்ணுனீங்க? ஒரு பொம்பளையோட பேரை எடுத்துக்கிட்டு இம்புட்டு நாளா நிம்மதியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "யாரும்மா அப்படிச் சொன்னது?" என்றார்.

"அக்காதான் சொன்னா."

"கமர் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். "நான் 'வீட்டுக்கு வீடு கமர்'னு டைட்டில் எழுதி வச்சிருந்தேன்மா. புதுசா இருக்கு, பளிச்சுனு இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒளிபரப்புக்கு முந்தின வாரம் உங்க அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார்."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

"வாசல்ல நின்னே சத்தம் போட்டார். 'எங்க அத்தா வச்ச பேரை இந்தக் கூத்துல ஏத்தக் கூடாது. ஏத்துனா, எனக்குத் தங்கச்சியே கிடையாது. திண்டுக்கல்லுல இருக்காளே சின்னவ, அவளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லி நிறுத்திருவேன்'னார். அம்புட்டுப் பேரும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்த்தாங்க. உங்க அக்கா மேக்கப்போட வந்து அவர் முன்னாடி நின்னாங்க. அவர் போனதும் என்கிட்ட, 'கமலான்னு போடுங்க சார். என் தங்கச்சி கல்யாணம் நடக்கணும்'னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே விடலை."

சின்னவள் நான்தான் அண்ணன். அந்த மாப்பிள்ளையோடுதான் நான் இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தினேன். என் கல்யாணத்துக்கு விலையாக அக்கா பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் சேனல்காரர்கள்தான் மாற்றினார்கள் என்று சிரித்திருக்கிறாள். நானும் நம்பி, அவர்களைத் திட்டித் திட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

'அவர்கள் வைத்த பெயர்' என்று போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

அன்று ஸ்டுடியோவுக்குப் போனீர்களா, இல்லையா?

குர்ஷித்


பெரியமேடு, சென்னை
26.8.2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். குனியக் கூடாது, படிக்கக் கூடாது என்று கட்டளை. இங்கே நல்ல மழை. கடைக்குள் தண்ணீர் வந்து தோலெல்லாம் நனைந்துவிட்டது. உங்கள் பக்கம் மழை உண்டா? குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

அன்புமணிக்கும் வயதாகிவிட்டது. அவர் வயதில் ஆளுக்கு ஆள் ஞாபகம் மாறும். பழையதைக் கிளறுவதில் யாருக்கும் லாபமில்லை.

விழா செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நான் வருகிறேன். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். உன் வீட்டிலேயே தங்குகிறேன். எண்ணெய் குறைத்து ஏதாவது வெஞ்சனம் செய்தால் போதும், சிரமப்படாதே.

ஹஸ்ஸான்


பேகம்பூர், திண்டுக்கல்
2.9.2024

அண்ணனுக்கு,

ஸலாம். கண் சீக்கிரம் குணமாகட்டும். மழை இங்கே இல்லை.

உங்களுக்கு இந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். சோறும் உண்டு. ஆனால் அந்த மேடையில் நீங்கள் ஏறக் கூடாது. ஏறினால், அத்தனை பேர் முன்னால் நான் எழுந்து நின்று இதே கேள்வியைக் கேட்பேன். போனீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும். மேடையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

குர்ஷித்


பேகம்பூர், திண்டுக்கல்
30.9.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, விழாவுக்கும் வரவில்லை. உடல்நலக் குறைவு என்று மேடையில் அறிவித்தார்கள். உண்மையாக இருந்தால் நலம் பெற துஆச் செய்கிறேன்.

நேற்று அதை டிவியில் போட்டார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்தது நடந்தது அல்ல. நடந்ததை நான் எழுதுகிறேன்.

மண்டப வாசலிலேயே பேனர், வீட்டு உயரத்துக்கு. 'என்றும் எங்கள் கமலா அக்கா.' அந்த எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில்கூட வேறு பெயர் இல்லை. ஆனந்த்ராஜைப் பிடித்துக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே, "மேடம், நாங்க ரெண்டு பேரையும் போட்டு டிசைன் பண்ணிட்டோம். உங்க அண்ணன்தான் போன வாரம் கூப்பிட்டு, கமலான்னு மட்டும் இருக்கட்டும்னு சொன்னாரு. குடும்பத்துப் பெரியவர் சொல்றப்போ நாங்க என்ன பண்றது?" என்றார்.

போன வாரம். கண் ஆபரேஷன் செய்து, குனியக் கூடாமல், என் கேள்விக்கு ஒரு வார்த்தை எழுத முடியாமல் இருந்த அதே நாட்களில், போனைக் கையில் எடுத்து இதைச் சொல்ல மட்டும் உங்களால் முடிந்திருக்கிறது. அந்தப் பெயர் பேனரில் ஏறினால் 'யார் இறக்கியது' என்ற கேள்வியும் கூடவே ஏறும் என்று பயந்தீர்கள். வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள்.

உள்ளே முன்வரிசை முழுக்கப் பெண்கள். அக்கா ஷூட்டிங் நடத்திய வீட்டுக்காரர்களை எல்லாம் வண்டி வைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள், கை தட்டுவதற்கு. சிவனம்மாளும் இருந்தார். யார் யாரோ பேசினார்கள். அக்காவை நேரில் பார்த்திராதவர்கள்தான் அதிகம் அழுதார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதிலும் கமலாதான். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, நிகழ்ச்சி நடத்திய அந்த டிவிப் பெண் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"இங்க படம் வச்சிருக்கிறது என் அக்கா. அவ பேரு கமர்ஜஹான். எங்க அத்தா வச்ச பேரு. பேகம்பூர்ல பிறந்தா, பேகம்பூர்லதான் அடங்கியிருக்கா" என்றேன். அடுத்த வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். பாட்டைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு என் தோளைப் பிடித்து இறக்கப் பார்க்கிறாள்.

அப்போது சிவனம்மாள் எழுந்தார். மைக் வேண்டாத தொண்டை, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"பாட்டை நிறுத்துங்கப்பா! அந்தம்மா சரியாத்தான் சொல்லுது. எங்க வீட்டுல கேமராவை அணைச்சதும் மூஞ்சியைக் கழுவிட்டு என்கிட்ட வந்து உக்காந்தாக. 'ஆத்தா, டிவியிலதான் நான் கமலா. உங்க வீட்டு உப்பைத் தின்னுட்டுப் பேரை மறைச்சுட்டுப் போகக் கூடாதுல்ல. என் பேரு கமர்ஜஹான்'னாக. நான் அன்னையிலிருந்து அப்படித்தேன் கூப்பிடுறேன்."

பாட்டு நின்றது. செம்பட்டி சகாயராணி என்பவர் எழுந்து, "எங்க வீட்டுலயும் சொன்னாக" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "எங்க மாமியா சாகுற வரைக்கும் கமருன்னுதான் சொல்லும்." குஜிலியம்பாறைப் பக்கத்து அம்மா ஒருவர், "என் பேத்திக்கு ஜஹான்னு செல்லப் பேரே வச்சிருக்கோம்" என்று சொல்லி அழுதார். ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள் அண்ணன். முன்வரிசை முழுவதும். ஜனங்கள் வாயில் நுழையாத பெயர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனே, அதை அத்தனை வாயும் சொன்னது. பிறகுதான் கை தட்டினார்கள்.

டிவியில் அந்தக் கைதட்டலை மட்டும் வெட்டி எடுத்து, 'கமலா அக்கா' என்று அந்தப் பெண் சொல்வதற்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொன்னவள், கூடப் பிறந்த என்னிடம் மட்டும் பொய் சொல்லியிருக்கிறாள். ஏன்? அண்ணனை நான் வெறுத்துவிடக் கூடாது என்று. செய்தவர் நீங்கள், மறைத்தவள் அவள், ஏமாந்தவள் நான். இப்போது மூவரில் ஒருத்தி இல்லை. அவள் மேல் என்னால் கோபப்படவும் முடியவில்லை. முழுக் கோபமும் உங்களுக்குத்தான் மிச்சம்.

இனி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

குர்ஷித்


பெரியமேடு, சென்னை
10.11.2024

குர்ஷித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடைசிக் கடிதத்தைத் தஹ்சீனிடம் கொடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். பலமுறை எழுத உட்கார்ந்தேன். சலாம் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் கை போகவில்லை.

அந்த சிவனம்மாள் வீட்டில் அவள் என்ன சமைத்தாள்?

கமர் கடைசி நாட்களில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? திட்டினாளா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

ஹஸ்ஸான்


பேகம்பூர், திண்டுக்கல்
18.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கண்ணும் உடம்பும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஒருவழியாக மழை வந்துவிட்டது.

சிவனம்மாளைக் கேட்டேன். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தாளாம். உப்பு கொஞ்சம் கூடிவிட்டதாம். யாரும் சொல்லவில்லையாம்.

நீங்கள் கேட்ட மற்றதற்குப் பதில் உண்டு. சொன்னாள். மவுத்தாவதற்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பி வரும்போது, உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். இன்னது சொன்னாள் என்று எழுத மாட்டேன். அதை உங்கள் கடைக்குத் தபாலில் அனுப்பி, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படித்து, அழுது முடித்து, மடித்து வைத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன். என் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வாருங்கள். தஹ்சீனைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. ஸ்டேஷனுக்கு மைதீன் பிச்சை அண்ணனை அனுப்புகிறேன். முதலில் கபுருஸ்தானுக்குப் போங்கள், அவர் இடம் காட்டுவார். நான் வெளி கேட்டில் நிற்பேன். உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள், அவளிடம் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், நான் கேட்க மாட்டேன். வெளியே வந்ததும் அவள் சொன்னதை அப்படியே, அவள் குரலிலேயே சொல்கிறேன்.

மெதுவாக வாருங்கள் என்று மட்டும் எழுத மாட்டேன். உங்களுக்கு எழுபது தாண்டிவிட்டது, எனக்கும் இந்த மாதம் இரண்டு முறை மயக்கம் வந்தது. அக்கா சொன்னது இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
குர்ஷித்